மேல்மாடிக் கோலிகள்

முதலில் ஒரு கோலிக்குண்டு விழும்.
டொக்.
பிறகு டொக் டொக், டொடொடொ என்று
தன் அவசரத்திலேயே தேய்ந்து
சுவரோரம் உருண்டு நிற்கும்.
எப்போதும் ஒன்று இருபதுக்கு.
எப்போதும் என் இடது புருவத்துக்கு நேர் மேலே.

செந்தூல் அடுக்ககத்தில் எட்டாவது மாடி.
மற்ற சத்தங்களோடு ஒருவழியாய் ஒத்துப்போயிருந்தேன்:
கீழே மாமாக் கடைத் திரையில் யாரோ கோல் போட்டால்
நாற்காலிகள் பின்னால் சரிவது,
சனிக்கிழமை இரவானால் ஜாலான் ஈப்போவை
நீளவாக்கில் கிழித்துக்கொண்டு போகும்
மோட்டார் சைக்கிள் பையன்கள்,
எதிர்வீட்டு ஏர்கோனின் மூக்கடைப்பு.
இந்தக் கோலி மட்டும்தான்
பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி.

பஞ்சு வைத்துப் பார்த்தேன்.
வெளியே அடங்கியது.
உள்ளே ஒரு தண்ணீர்ப் பம்பு ஓடத் தொடங்கியது.
அது என் இதயம்தான் என்று தெரிந்த பிறகு
நின்றுவிடுமோ என்று கேட்டுக்கொண்டே கிடந்தேன்,
விடியற்காலைப் பாங்கு வரை.

விழுந்த கோலி எழுப்புவதில்லை.
விழப்போகிற கோலிதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை, பொறுக்காமல்,
நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு
ஒன்பதாவதுக்கு ஏறினேன்.
கதவுக் கம்பிக்குப் பின்னால் மேடம் கூ,
முழுசாய் விழித்திருக்கும் முகத்தோடு.
பிள்ளைகள் விளையாடுகிறார்களா என்று
என் உடைந்த மலாயில் கேட்டேன்.
அவர் கட்டைவிரலால் மேலே காட்டினார்.
சேர்ந்து ஏறினோம். பத்தாவதில் காக் ரொஸ்னா.
அவரும் மேலே காட்டினார்.
அதற்கு மேல் வீடில்லை.
ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு பூட்டு, புறா எச்சம்.

லிஃப்ட் வாசலில் மூன்று பெண்கள்
ராத்திரி இரண்டு மணிக்குச் சிரித்தோம்,
வாயைப் பொத்திக்கொண்டு,
ஆட்கள் தூங்குகிறார்களே.

குழாய்க்குள் தண்ணீர் சட்டென்று நிற்கும்போது வருவதாம்,
காக் ரொஸ்னாவின் மருமகன் சொன்னானாம்.
அவனுக்கு என்ன தெரியும் என்று கேட்கவில்லை.
குழாயை யார் திட்டுவது?
திட்ட ஆளில்லாமல் போனதும்
பாதித் தூக்கம் தானாக வந்து படுத்துக்கொண்டது.

மீதிப் பாதிக்கு வேலை இருந்தது.
ஞாயிற்றுக்கிழமை புகேந்திரன் கட்டிலை
குழாய்ச் சுவரிலிருந்து இழுத்துப் போட்டார்;
அடியில் கிடைத்தது ஒரு சீப்பு, ஐம்பது காசு.
மேடம் கூ ஒரு சின்ன டப்பாவில்
மெழுகு உருண்டைகள் தந்தார்.
உள்ளங்கையில் சூடாக்கு,
உள்ளே திணிக்காதே, வாசலை மட்டும் மூடு.
கதவடியில் சுருட்டிய துண்டு.
பழைய மேசைக் காற்றாடியைச்
சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன்,
காற்றுக்கு அல்ல, இரைச்சலுக்கு.
அதன் கழுத்தில் ஒரு கிரீச் உண்டு.
அதற்கு எண்ணெய் விட வந்தவரைத் தடுத்துவிட்டேன்.
வீட்டை முட்டை மாதிரிப் பொட்டலம் கட்டுகிறாய் என்றார்,
சொல்லிவிட்டு எனக்கு முன்னால் குறட்டை.

கடிகாரத்தையும் திருப்பி வைத்தேன்.
எத்தனை மணிக்கு விழித்தேன் என்று
இப்போது எனக்கும் தெரியாது,
காலையில் அலுவலகத்தில் சொல்லிப் புலம்ப
கையில் கணக்கில்லை.

எல்லா இரவும் சரியாகிவிடவில்லை.
நேற்று, ஒரு காதில் மெழுகு,
மறு காது தலையணைக்குள்,
காற்றாடி கிரீச் கிரீச்சென்று ஆள் கூட்டிக்கொண்டிருக்க,
டொக்.
சரி, குழாய், என்று புரண்டேன்.

அப்போது தரைக்கு அடியிலிருந்து
துடைப்பக் கட்டையால் மூன்று இடி.
எனக்கு.

ஏழாவது மாடி. யார் என்று தெரியாது,
கதவோரம் ஒரு ஜோடி மழைச் செருப்பு பார்த்த ஞாபகம்.
காலையில் இறங்க வேண்டும்,
மெழுகு டப்பாவோடு,
கட்டைவிரலை மேலே காட்டியபடி.